யுனிவர்சல் கிரெடிட்டில் பழைய கடனுக்கான பிடித்தம்: எவ்வளவு வரை எடுக்கலாம்?

கேள்வி:
வணக்கம். ஐம்பது வயதைக் கடந்த நான் தனியாக வாழ்கிறேன். டாக்ஸ் கிரெடிட் என்ற பழைய பிரித்தானிய உதவித்தொகையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த யுனிவர்சல் கிரெடிட்டுக்கு மாறியபோது, முதல் கொடுப்பனவு வரும் வரையான செலவுக்காக முன்பணம் பெற்றேன். அதை மாதந்தோறும் கழித்துவரும் நிலையில், டாக்ஸ் கிரெடிட் காலத்தில் எனக்குக் கூடுதலாகத் தரப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு தொகைக்காகவும் இம்மாதம் முதல் பிடிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஏதாவது வரம்பு உண்டா?

மறுமொழி 1:
உண்டு. 2025 ஏப்ரல் 30 முதல் மொத்தப் பிடித்தம் யுனிவர்சல் கிரெடிட்டின் அடிப்படைத் தொகையில் (standard allowance) 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முன்பணமும் இதற்குள்ளேயே அடங்கும். இந்த வரம்பு ஒரு காலத்தில் 40 சதவீதமாக இருந்து, 2019இல் 30 ஆகவும் 2021இல் 25 ஆகவும் குறைந்தது. அந்த 40 சதவீதக் காலத்தில் பலர் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தவன். கணக்கிடும்போது வாடகைக்கான பகுதியைச் சேர்க்காதீர்கள். 2025-26இல் தனியாக வாழும், 25 வயதைத் தாண்டியவருக்கு அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண் என்பதால், உச்சவரம்பு ஏறத்தாழ 60 பவுண். வாடகை நிலுவையால் வீட்டை இழப்பதையோ மின்சாரம் துண்டிக்கப்படுவதையோ தடுப்பதற்கான பிடித்தம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே இதைத் தாண்டலாம்.

மறுமொழி 2:
எவ்வளவு பிடிக்கலாம் என்பதும், அந்தக் கடன் உண்மையிலேயே உங்களுடையதா என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டையும் கலந்து பேசினால் இரண்டுக்குமே விடை கிடைக்காமல் போகும். டாக்ஸ் கிரெடிட் கடனின் வசூல் இப்போது யுனிவர்சல் கிரெடிட்டை வழங்கும் வேலை, ஓய்வூதியத் துறையின் (DWP) கையில் இருந்தாலும், தொகை தவறு என்று நினைத்தால் வரித்துறையிடம்தான் (HMRC) கேட்க வேண்டும். எந்த ஆண்டுக்கான கணக்கு, எப்படிக் கூட்டினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். யுனிவர்சல் கிரெடிட்டிலேயே கூடுதலாகத் தரப்பட்ட பணமாக இருந்தால் நிலைமை கடினம்: 2012ஆம் ஆண்டு நலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, தவறு அதிகாரிகளுடையதாக இருந்தாலும் அதைத் திரும்பப் பெறலாம்.

இன்னொன்று, 15 சதவீதம் என்பது உச்சவரம்பு மட்டுமே. வரவுசெலவுக் கணக்கை எழுதிவைத்துக்கொண்டு வேலை, ஓய்வூதியத் துறையின் கடன் பிரிவை அழைத்து, மாதப் பிடித்தத்தைக் குறைக்கும்படி நீங்கள் கேட்கலாம். இதைக் கேட்கலாம் என்றே தெரியாமல் எத்தனையோ பேர் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கொடுப்பனவு அறிக்கையைப் பார்த்தேன். முன்பணத்துக்கு 33, பழைய கடனுக்கு 24, ஆக 57 பவுண்; வரம்புக்குள்தான் இருக்கிறது. கடன் எந்த ஆண்டுக்கு உரியது என்று அதில் இல்லை. அதை வரித்துறையிடம் எழுதிக் கேட்கிறேன். பிடித்தத்தைக் குறைக்கும்படி நாளை காலை கடன் பிரிவை அழைக்கிறேன்.