விண்டோஸ் 10 நன்றாகவே ஓடுகிறது. 11-க்கு மாறத்தான் வேண்டுமா?

கேள்வி: கணக்கேடு

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 புராசஸர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் கொண்ட ஒரு மேசைக்கணினியை வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதும் தொழிலுக்குப் பயன்படுத்தி வருகிறேன். அதில் 64 பிட் விண்டோஸ் 10 இருக்கிறது. அந்த இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதை அறிவேன். திரையில் அவ்வப்போது வந்து நிற்கும் அறிவிப்பும் அதை மறக்க விடுவதில்லை.

என் தயக்கத்துக்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, நான் அன்றாடம் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் மிகப் பழையது. அதைத் தயாரித்த நிறுவனம் இப்போது இல்லை, நிறுவுவதற்கான குறுந்தகடும் என் கையில் இல்லை. இரண்டாவது, என் ஸ்கேனருக்கு அதன் தயாரிப்பாளர் கடைசியாக வெளியிட்ட டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) விண்டோஸ் 7-க்கானது. அது 10-இல் எப்படியோ வேலை செய்துகொண்டிருக்கிறது. மூன்றாவது, கணினியின் தகுதியைச் சோதிக்க மைக்ரோசாஃப்ட் வழங்கும் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை ஓட்டிப் பார்த்தபோது, டிபிஎம் 2.0 (குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) இல்லை என்றும் செக்யூர் பூட் (நம்பகமான இயங்குதளத்தை மட்டுமே தொடங்க விடும்) வசதி இல்லை என்றும் சொல்லி, இந்தக் கணினி தகுதியற்றது என்று முடித்துவிட்டது.

புதிய தோற்றமோ, புதிய வசதிகளோ எனக்குத் தேவையில்லை. மாறினால் கணினி மேலும் மெதுவாகிவிடும் என்று தெரிந்தவர்கள் எச்சரிக்கிறார்கள். இந்நிலையில் இந்த மேம்படுத்தலால் எனக்கு உண்மையில் ஏதாவது பயன் உண்டா, அல்லது இருப்பதை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டலாமா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

மறுமொழி: பராமரிப்பாளர்

வசதிகளை மட்டும் கணக்கில் எடுத்தால் உங்களுக்கு விண்டோஸ் 11-ஆல் பெரிதாக ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. வலது சொடுக்கில் வரும் பட்டியலில் பாதி, ‘மேலும் காட்டு’ என்ற வரிக்குப் பின்னே ஒளிந்திருப்பதைக் கண்டு முதல் சில நாட்கள் எரிச்சல்கூட வரலாம். ஆனால் நீங்கள் பிறர் கணக்கைக் கையாளுகிறீர்கள். அந்தக் கணினியிலேயே மின்னஞ்சலும் திறக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனவே பாதுகாப்புப் புதுப்பிப்பு வருகிறதா, வரவில்லையா என்பது மட்டுமே இங்கே எடைபோட வேண்டிய செய்தி.

2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்னும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தீநிரலை நினைத்துப் பாருங்கள். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. சிக்கியவை பெரும்பாலும் அந்தத் திருத்தத்தை நிறுவாத விண்டோஸ் 7 கணினிகள். திருத்தம் வந்தும் போடாதவர்களின் நிலையே அதுவென்றால், திருத்தமே வராத கணினியில் வாடிக்கையாளரின் கணக்கை வைத்திருப்பது எத்தகையது என்பதை நீங்களே முடிவுசெய்யலாம்.

இனி உங்கள் மூன்று தயக்கங்கள். கணினி தகுதியற்றது என்ற முடிவை அப்படியே ஏற்க வேண்டாம். எட்டாம் தலைமுறை இன்டெல் புராசஸர்கள் விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இருக்கின்றன. அந்தக் காலத்து மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில் டிபிஎம் புராசஸருக்குள்ளேயே இருக்கிறது. கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். இன்டெல் கணினிகளில் அது பிடிடி என்ற பெயரில், ‘செக்யூரிட்டி’ அல்லது ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குள் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். செக்யூர் பூட் இல்லை என்று வருவதற்குப் பொதுவான காரணம், விண்டோஸைப் புதிய யூஇஎஃப்ஐ முறையில் அல்லாமல், கணினியைத் தொடங்கும் பழைய ‘லெகசி’ முறையில் நிறுவியிருப்பது. ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டினால் வரும் பக்கத்தில் ‘பயாஸ் மோடு’ என்றொரு வரி இருக்கும். அதில் யூஇஎஃப்ஐ என்று இருக்கிறதா, லெகசி என்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கணக்கு மென்பொருளைப் பொறுத்தவரை, இப்போதே 64 பிட் விண்டோஸில் ஓடுகிறது என்றால் அது 32 பிட் அல்லது 64 பிட் நிரலாகத்தான் இருக்க வேண்டும். 16 பிட் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் ஓடுவதில்லை. 32 பிட் நிரல்களை 11-உம் ஓட்டும். ஆனால் குறுந்தகடு இல்லை என்று சொல்லியிருப்பதால் ஒன்றில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள்: எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ யாரேனும் பரிந்துரைத்தால் ஏற்காதீர்கள். இருக்கும் விண்டோஸின் மேலேயே மேம்படுத்தினால் நிரல்களும் கோப்புகளும் அமைப்புகளும் இருந்தபடியே இருக்கும். அழித்து நிறுவினால் அந்த மென்பொருளைத் திரும்பக் கொண்டுவர உங்களுக்கு வழியே இருக்காது.

ஸ்கேனர்தான் உண்மையான ஐயம். 10-இல் ஓடும் 64 பிட் டிரைவர் பெரும்பாலும் 11-இலும் ஓடும். ஆனால் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டோடு சில பழைய டிரைவர்கள் ஒத்துப்போவதில்லை. இதை மாறுவதற்கு முன்பே சோதிக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘டிவைஸ் செக்யூரிட்டி’ பகுதிக்குள் ‘கோர் ஐசொலேஷன்’ விவரங்களைத் திறந்து, அந்த ஏற்பாட்டை இயக்க முயலுங்கள். ஒத்துவராத டிரைவர் ஏதேனும் இருந்தால், விண்டோஸே அதன் கோப்புப் பெயரோடு பட்டியலிட்டுக் காட்டும்.

மறுமொழி: ஸ்பேனர்

மேலே உள்ளவர் விரிவாக எழுதிவிட்டார். நான் வேகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மெதுவாகிவிடும் என்று எச்சரித்தவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் பழி போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. விண்டோஸ் 11-இன் குறைந்தபட்சத் தேவைகளில் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பிடமும் கேட்கப்பட்டுள்ளன. அந்தச் சேமிப்பிடம் எஸ்எஸ்டி-யாக (சுழலும் தட்டில்லாத வேகமான வட்டு) இருக்க வேண்டும் என்று அந்தப் பட்டியல் வற்புறுத்தவில்லை. ஆகவே ஹார்ட் டிஸ்க்கிலும் அது நிறுவப்பட்டுவிடும். ஆனால் அதில் வேலை செய்வது பெரும் சோதனை. இயங்குதளம் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடுகிறது. ஹார்ட் டிஸ்க்கின் முனை ஒவ்வொன்றுக்கும் இடம் மாறி மாறிப் போய் வர வேண்டியிருப்பதால் ‘டாஸ்க் மேனேஜ’ரில் வட்டின் பயன்பாடு 100 விழுக்காட்டில் போய் நிற்கும், புராசஸரோ வேலையில்லாமல் காத்திருக்கும். உங்கள் கணினியை இயக்கியவுடன் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், இப்போதே இந்த நிலை இருக்கும் என்று நினைக்கிறேன்.

எனவே முதலில் ஒரு எஸ்எஸ்டி வாங்கி, இருக்கும் வட்டை அப்படியே அதற்கு நகலெடுத்து மாற்றுங்கள். பழைய வட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டால், எது பிசகினாலும் திரும்பப் பொருத்திக்கொள்ளத் தக்க முழுமையான பேக்கப் அதுவே. அதன் பிறகு 11-க்குப் போனாலும் சரி, 10-இலேயே இருந்தாலும் சரி, கணினி முன்பைவிட வேகமாகத்தான் இருக்கும். செலவழிக்க ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு என்றால் அதை இயங்குதளத்துக்கு அல்ல, வட்டுக்குக் கொடுப்பேன்.

மறுமொழி: நிதானம்

முதல் மறுமொழியில் உள்ள அவசரத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆதரவு முடிந்தது என்பதால் திருத்தங்கள் அறவே நின்றுவிட்டதாக அந்த மறுமொழி எண்ண வைக்கிறது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்த விண்டோஸ் 10 கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். கணினி விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கொன்றும் வேண்டும். பணம் செலுத்தியும் சேரலாம். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் பணம் செலுத்தாமலும் சேரலாம். ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும். புதிய வசதிகளோ தொழில்நுட்ப உதவியோ இதில் கிடைக்காது; உங்களுக்கு அவை தேவையுமில்லை.

விண்டோஸ் 7-இன் வரலாறும் இதையே காட்டுகிறது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. குரோம் உலாவி அதைக் கைவிட்டது 2023 பிப்ரவரியில்தான். கதவு ஒரே நாளில் அடைபடுவதில்லை. நிலுவை வேலைகள் குவிந்திருக்கும் காலத்தில், தொழில் நடக்கும் ஒரே கணினியில் கை வைப்பது விவேகமன்று. இந்தத் திட்டத்தில் இன்றே சேர்ந்துவிட்டு, வேலை குறைவாக இருக்கும் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்து, அப்போது மாறுங்கள்.

மறுமொழி: பராமரிப்பாளர்

நிதானம் அவர்கள் சொல்வது நியாயம். வீட்டுக் கணினிக்கு அந்தத் திட்டம் பொருந்தும். இருந்தாலும் 7-ஐ எடுத்துக்காட்டியதில் ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும். உலாவி புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்ததால் அதற்கு அடியில் இருந்த இயங்குதளத்தின் ஓட்டைகள் அடைபடவில்லை. உலாவி திறக்கிறது, இணையம் வருகிறது, ஆகவே எல்லாம் நலம் என்று பலர் அந்த ஆண்டுகளைக் கழித்தார்கள். அந்தத் திட்டத்தைத் தள்ளிப்போடும் வசதியாகக் கொள்ளாமல், மாறுவதற்கான ஆயத்த காலமாக எடுத்துக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை.

மறுமொழி: பென்குயின்

கேட்டவரின் கணினிக்கு இது பொருந்தாமல் போகலாம். ஆனால் ஏழாம் தலைமுறையிலோ அதற்கு முன்போ நின்றுவிட்ட கணினி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) ஒரு மதிப்பைத் திருத்தி, தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ நிறுவும் உத்தி பரவலாகச் சொல்லப்படுகிறது. அப்படி நிறுவிய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. புதுப்பிப்புக்காகவே மாறுகிறவர் அந்த வழியில் போவதில் எனக்குப் பொருள் தெரியவில்லை.

அத்தகைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்று நன்றாகப் பொருந்தும். பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வட்டில் எதையும் தொட வேண்டியதில்லை. அந்தச் சோதனையிலேயே வைஃபை, ஒலி, பிரின்டர், ஸ்கேனர் ஆகியவை வேலை செய்கின்றனவா என்று தெரிந்துவிடும். தயாரிப்பாளர் கைவிட்ட ஸ்கேனர்களில் பலவற்றை லினக்ஸ் இன்றும் அடையாளம் காண்கிறது என்பது வேடிக்கையான உண்மை. ஆனால் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட பழைய கணக்கு மென்பொருளை, லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்ட உதவும் வைன் வழியாக ஓட்டி அதை நம்பித் தொழில் நடத்துமாறு நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மறுமொழி: கணக்கேடு

விரிவான விளக்கங்களுக்கு அனைவருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்ததில், பயாஸ் மோடு என்ற வரியில் லெகசி என்றே இருக்கிறது. பயாஸ் அமைப்பில் பிடிடி இருந்தது. இயக்கினேன், இப்போது டிபிஎம் 2.0 தெரிகிறது. மெமரி இன்டெக்ரிட்டியை இயக்க முயன்றபோது ஒரே ஒரு கோப்பு பட்டியலில் வந்தது. ஆனால் அது ஸ்கேனருடையது அன்று, எப்போதோ நிறுவி மறந்துபோன ஒரு யூஎஸ்பி மோடத்தினுடையது. கணினியை இயக்கியதும் வட்டின் பயன்பாடு 100-இல்தான் நிற்கிறது. லெகசியை யூஇஎஃப்ஐ ஆக மாற்ற, அழித்து நிறுவுவதைத் தவிர வேறு வழி உண்டா என்பதுதான் இப்போது எனக்கு எஞ்சியிருக்கும் கேள்வி.

மறுமொழி: பராமரிப்பாளர்

உண்டு. எம்பிஆர்2ஜிபிடி என்னும் கருவி விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. வட்டின் பகிர்வு முறையை, யூஇஎஃப்ஐ-க்கு ஏற்றபடி, தரவு அழியாமல் மாற்றும். எஸ்எஸ்டி-க்கு நகலெடுத்த பிறகு, பழைய வட்டைக் கழற்றிவிட்டு, புதியதில் இதைச் செய்யுங்கள். அக்கருவியில் ‘வேலிடேட்’ என்ற கட்டளை வட்டைச் சோதிக்க மட்டுமே செய்யும், எதையும் மாற்றாது. முதலில் அதை ஓட்டுங்கள். வட்டில் மூன்றுக்கு மேற்பட்ட முதன்மைப் பகிர்வுகள் இருந்தால் சோதனை தோல்வியுறும். வரிசையையும் மாற்றிவிடாதீர்கள்: முதலில் வட்டின் பகிர்வு முறையை மாற்ற வேண்டும், அதன் பின்னரே பயாஸில் யூஇஎஃப்ஐ-க்கு மாற வேண்டும். தலைகீழாகச் செய்தால் விண்டோஸ் எழும்பாது.

மறந்துபோன மோடத்தின் டிரைவரை நீக்கிவிடலாம். பிட்லாக்கர் குறியாக்கம் இயங்குகிறதா என்றும் பாருங்கள்; இயங்கினால் பயாஸில் மேலும் எதையும் தொடுவதற்கு முன் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மாற்றத்துக்குப் பிறகு கணினி அதைக் கேட்கக்கூடும்.

மேம்படுத்திய பின் 10 நாட்களுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்ப வசதி உண்டு. இடம் பிடிக்கிறதே என்று அந்தக் காலத்துக்குள், பழைய விண்டோஸ் இருக்கும் ‘விண்டோஸ்.ஓல்டு’ கோப்புறையை அழித்துவிட்டால் அந்த வசதியும் போய்விடும். 10 நாட்கள் போதாது என்று நினைத்தால், அவை முடிவதற்குள் விண்டோஸிலேயே உள்ள டிஐஎஸ்எம் என்னும் கட்டளையால் அதை 60 நாட்கள் வரை நீட்டிக்கலாம். அந்த நாட்களில் கணக்கு மென்பொருளைத் திறந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், ஓர் ஆண்டறிக்கையை அச்சிட்டு, ஒரு தாளை ஸ்கேன் செய்து, பேக்கப்பிலிருந்து ஒரு பழைய கணக்கை மீட்டெடுத்தும் பார்த்துவிடுங்கள்.