சேலம் கன்னங்குறிச்சில புது வீடு: ஸ்மார்ட் ஒயரிங் போடறதா, சாதாவே போதுமா?

கன்னங்குறிச்சி_புதுவீடு:
வணக்கம்ங்க. கீழ ரெண்டு ரூம், மேல ஒண்ணு, மேல் கான்கிரீட்டும் போட்டாச்சு. அடுத்த வாரம் சுவர வெட்டி பைப் பதிக்கறாங்க. மச்சான் பெங்களூர்ல இருந்து போன் போட்டு லைட்டு ஃபேன் கேட் மோட்டர் எல்லாம் போன்லயே ஓடணும், இப்ப விட்டா அப்புறம் சுவர உடைக்கணும்ங்கறான். எலக்ட்ரீசியன் அண்ணன் அதெல்லாம் ரெண்டு வருசத்துல போயிரும், சாதாவே போடுங்க சாமிங்கறார். ரெண்டு பேர் பேசறதும் நியாயமாத்தான் இருக்கு. யார் பேச்ச கேக்கட்டும்?

ஹப்_பையன்:
மச்சான் பேச்ச கேளுங்க. புது வீட்டுக்கு போய் சாதா சுவிட்ச் போடறேன்னு சொல்றது இந்த காலத்துல வேஸ்ட். எல்லா பாக்ஸும் ஆழமா போட சொல்லுங்க, சுவிட்சுக்கு பின்னாடி ஜிக்பீ ரிலே மாட்யூல் (வயர்லெஸ்ல சொன்னா லைட்ட போட்டு அணைக்கற சின்ன பெட்டி) வச்சிரலாம், வெளிய பாக்க சாதா சுவிட்ச் மாதிரியேதான் இருக்கும், வீட்ல பெரியவங்க தட்டினாலும் எரியும் நீங்க போன்ல தட்டினாலும் எரியும். ஹோம் அசிஸ்டன்ட்னு ஒரு சாஃப்ட்வேர ஒரு சின்ன கம்ப்யூட்டர்ல போட்டு, அதையே எல்லா மாட்யூலையும் ஓட்டற ஹப்பா வீட்டுக்குள்ளயே வச்சு ஓட்டுங்க, நெட் போனாலும் கவலையில்ல. ஸ்மார்ட் பல்பு மட்டும் வாங்கிராதீங்க, யாராச்சும் சுவிட்ச அணைச்சா அது செத்த பல்புதான்.

ஒயர்மேன்_சூரமங்கலம்:
தம்பி பேசறது கேக்க நல்லாருக்கு. நான் தினமும் ஸ்குரூ டிரைவர் பிடிக்கறவன், நான் சொல்றேன். 6 சுவிட்ச் அளவு பாக்ஸ்ல ஒரு 16 ஆம்ப்ஸ் பிளக், நாலு சுவிட்ச், அதுக்கு வர்ற 2.5, 1.5 சதுர மி.மீ ஒயர் எல்லாத்தையும் மடக்கி வச்சாலே பிளேட் உக்கார மாட்டேங்குது. அதுக்குள்ள உங்க ரிலே மாட்யூல் ரெண்ட திணிச்சா மே மாசம் நம்மூரு வெயில்ல சுவரு சூட்லயே அது வெந்துரும். மாட்யூல் போச்சுன்னா யார கூப்பிடுவாங்க, என்னத்தான். வாங்கினது ஆன்லைன்ல, திட்டு வாங்கறது நானு.

ஹப்_பையன்:
அதுக்குத்தாண்ணா ஆழ பாக்ஸ் சொன்னேன். இல்லன்னா மாட்யூல் எல்லாத்தையும் டிபி (எம்சிபி எல்லாம் இருக்கற மெயின் பெட்டி) பக்கத்துல தனி பெட்டில வச்சிருங்க, ஒவ்வொரு லைட்டுக்கும் அங்கிருந்தே லைன் இழுத்துரலாம். ஐரோப்பால கேஎன்எக்ஸ்னு ஒரு முறை பல வருசமாவே அப்படித்தான் ஓடுது, சுவிட்சுக்கு பச்சை கலர் பஸ் கேபிள் (சிக்னல் போற ஒயர்) மட்டும் போகும்.

ஒயர்மேன்_சூரமங்கலம்:
ஒவ்வொரு லைட்டுக்கும் தனி லைனா? ஒயர் காசு யார் குடுப்பா? அந்த கேஎன்எக்ஸ் ப்ரோகிராம் பண்ண ஆள் கோயமுத்தூர்ல இருந்தோ பெங்களூர்ல இருந்தோ வரணும். ராத்திரி 10 மணிக்கு ஹால் லைட் எரியலன்னா அவர் வருவாராமா?

மலைமேல்_வீடு:
ஏற்காட்ல இருந்து எழுதறேன், இங்க கதையே வேற. வீடு வாரம் பூரா பூட்டியே கிடக்கும், நாங்க சேலத்துல. கீசர அணைச்சமா, மோட்டர் ஓடிட்டே இருக்கான்னு போன்ல பாக்க முடியறது எனக்கு உண்மையிலேயே பெரிய விசயம். ஒயர்மேன் அண்ணன் சொல்ற மாதிரி எல்லாமே வெட்டின்னு ஒதுக்க முடியாது. ஆனா ஹப் தம்பி ஒரு விசயத்த தொடவே இல்ல பாருங்க, இடி. மலைல கோடை மழையோட வர்ற இடிக்கு எலக்ட்ரானிக்ஸ் தாங்காது. டிபில எஸ்பிடி (டைப் 2, இடியால பாயற வோல்டேஜ எர்த்துக்கு தள்ளிவிடறது) போட்டுட்டு அப்புறம் மாட்யூல் பத்தி பேசுங்க. அதுல சின்ன ஜன்னல் மாதிரி ஒண்ணு பச்சையா இருக்கும், சிவப்பாயிட்டா உள்ள இருக்கறது முடிஞ்சதுன்னு அர்த்தம், மாத்தணும். எர்த் சரியில்லன்னா எஸ்பிடி போட்டும் பிரயோஜனமில்ல. நம்ம பக்கம் தோண்டினா பாறைதான், குழிக்கு உப்பு கரி போட்டு மூடினதோட விடாம மீட்டர் வச்சு அளந்து காட்ட சொல்லுங்க. கன்னங்குறிச்சியும் அடிவாரம்தானுங்க, உங்களுக்கும் பொருந்தும்.

அம்மாபேட்டை_அக்கா:
ஆம்பளைங்க எல்லாம் சுவிட்ச பத்தியே பேசறீங்க, லைட்டு எங்க வைக்கறதுன்னு ஒருத்தரும் கேக்கல! புது வீட்ல எல்லாரும் பண்றது ரூம் நடு சீலிங்ல ஒரு லைட்டு, அதுவும் 6500கே வெள்ளை, துணிக்கடை மாதிரி. அந்த கே நம்பர் குறைய குறைய வெளிச்சம் மஞ்சளாகும். கிச்சன்ல அடுப்புக்கு முன்னாடி நின்னு பாருங்க, லைட்டு முதுகுக்கு பின்னாடி இருக்கும், வெங்காயம் நறுக்கற இடத்துல நம்ம நிழலே விழும். மேல் கப்போர்டுக்கு அடியில ஒரு ஸ்ட்ரிப் லைட்டுக்கு பாயின்ட் விட்டா போதும், அதுக்கு இப்பவே பைப் வேணும். ஹால், பெட்ரூமுக்கு 3000கே, கிச்சனுக்கு 4000கே. பெட்ரூம்ல படுத்தா கண்ணுல அடிக்கற மாதிரி தலைக்கு நேர் மேல ஸ்பாட் லைட்டு வைக்காதீங்க. இதுக்கெல்லாம் ஆப்பும் வேண்டாம் ஹப்பும் வேண்டாம்.

ஹப்_பையன்:
அக்கா சொல்றது கரெக்ட். ஸ்ட்ரிப் 24 வோல்ட் வாங்குங்க, 12 வோல்ட்னா நீளம் போகப்போக கடைசில மங்கிரும். டிரைவர (ஸ்ட்ரிப்புக்கு கரண்ட மாத்தி குடுக்கற பெட்டி) ஜிப்சம் சீலிங்குக்குள்ள வச்சு மூடிராதீங்க, கை போற எடத்துல வைங்க, எல்இடிக்கு முன்னாடி டிரைவர்தான் போகும்.

ஒயர்மேன்_சூரமங்கலம்:
இது சரியான பேச்சு. இதுல எனக்கு சண்டையே இல்ல. கரண்ட் விசயத்துக்கு வர்றேன். ஒரு மாட்யூல் சும்மா இருக்கையிலயே அரை வாட்ல இருந்து ஒரு வாட் வரைக்கும் தின்னும், 30 மாட்யூல்னா 2 மாசத்துக்கு 21ல இருந்து 43 யூனிட். ஏசி ஓடற வீட்ல பில்லு 500 யூனிட்ட தாண்டறதா இல்லையான்னு நிக்கறப்ப இது தள்ளிவிட்டுரும், தாண்டினா ரேட்டே வேற. அப்புறம் மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு நிறுத்தறாங்களே, இன்வெர்ட்டர் மாறுற அந்த ஒரு நொடில ரூட்டரு ரீஸ்டார்ட், ஹப்பு ரீஸ்டார்ட், வீட்டம்மா எனக்கு போன்.

ஹப்_பையன்:
30 மாட்யூல் யார் போட சொன்னா? கேட், மோட்டர், கீசர், வாசல் லைட்டு, படிக்கட்டு, அவ்வளவுதான் தேவை. ரூட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வச்சா அந்த பிரச்சனை தீர்ந்தது. மாட்யூல் செட்டிங்ல ‘கரண்ட் வந்தா பழைய நிலை’ன்னு இருக்கும், அத போட்டுருங்க, இல்லன்னா ராத்திரி 2 மணிக்கு கரண்ட் வந்ததும் சிலது தானா எரியும். அதோட 2022ல மேட்டர்னு பொது விதியே வந்தாச்சு, மேட்டர் இருக்கற சாமான்னா எந்த கம்பெனியா இருந்தாலும் ஒண்ணோட ஒண்ணு பேசும்.

மலைமேல்_வீடு:
பேசும்ங்கறது பெட்டி மேல எழுதியிருக்கறது தம்பி. அதுக்கு முந்தி வாங்கின சாமான்ல எத்தனைக்கு அந்த அப்டேட் வந்துச்சு?

ஒயர்மேன்_சூரமங்கலம்:
அஞ்சு எடத்துல மட்டும்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்ல. அப்ப வீட்டுக்காரர் இப்ப மாட்யூலே வாங்க வேண்டாம், பைப்பும், பின்னாடி மாட்யூல் ஓட வேண்டிய நியூட்ரல் ஒயரும் மட்டும் போதும். பிளக் இருக்கற பாக்ஸ்ல நியூட்ரல் எப்படியும் வந்துரும். படிக்கட்டு டூவே (ரெண்டு எடத்துல இருந்து ஒரே லைட்ட போடற சுவிட்ச்), கட்டில் ஓரம் டூவே, பாத்ரூம் வாசல்ல தனியா இருக்கற சுவிட்ச், இங்கதான் வராது. கருப்பு ஒயர் ஒண்ணு சேத்து இழுத்து, முனைய டேப் சுத்தி உள்ள விட்டுருங்க. முக்கியமானது என்னன்னா இன்வெர்ட்டர் லைன் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் ஒரே பாக்ஸ்ல எவனாச்சும் ஒண்ணா முறுக்கிட்டான்னா ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணையற சுவிட்ச்) விழுந்துட்டே இருக்கும், எங்க தப்புன்னு கண்டுபிடிக்க ரெண்டு நாள் போயிரும். எந்த சர்க்யூட்டோ அந்த சர்க்யூட்டோட நியூட்ரல்தான்.

கன்னங்குறிச்சி_புதுவீடு:
இது எனக்கு புரியுதுங்க. நெட் கேபிள அதே பைப்ல விட்டுரலாமா?

ஒயர்மேன்_சூரமங்கலம்:
விடக்கூடாது. கரண்ட் ஒயரோட நெட் கேபிள் (கேட் 6ன்னு வர்றது) போகவே கூடாது, அதுக்கு தனி பைப். கேமரா வர்ற மூலை, டிவி பின்னாடி, மேல் மாடி சீலிங்ல ஒரு எடம், கேட் தூண். வளைவு ரொம்ப வைக்காம போடுங்க, உள்ள ஒரு கம்பிய விட்டு வைங்க.

ஹப்_பையன்:
ஃபேனையும் சேத்துக்கோங்க, மாட்யூல் போட்டா ஸ்பீடும் போன்லயே மாத்தலாம்.

ஒயர்மேன்_சூரமங்கலம்:
இங்கதான் தம்பி மாட்டறது. இப்ப எல்லாரும் வாங்கறது பிஎல்டிசி ஃபேன் (உள்ள எலக்ட்ரானிக் போர்டு வச்ச கரண்ட் கம்மியா தின்ற ஃபேன்), பழசு 75 வாட்னா இது 30 வாட்டு. அதுக்கு ரெகுலேட்டரோ டிம்மரோ குடுத்தா உள்ள இருக்கற போர்டு போயிரும். அதுக்கு ரிமோட் கூடவே வருதே, போதாதா?

ஹப்_பையன்:
ரிமோட்டு சோபாவுக்கு அடியில போயிரும்ணா. ஐஆர் பிளாஸ்டர்னு ரிமோட் சிக்னல அனுப்பற சின்ன பெட்டி ஒண்ணு வச்சா அந்த ரிமோட் வேலைய போன் பண்ணும், ஃபேன்ல கைய வைக்கவே வேண்டாம்.

அம்மாபேட்டை_அக்கா:
போனும் அதே சோபாவுக்கு அடியிலதான் கிடக்கும்.

கன்னங்குறிச்சி_புதுவீடு:
சரிங்க. ஆழ பாக்ஸ், எல்லா பாக்ஸ்லயும் நியூட்ரல், நெட்டுக்கு தனி பைப், எஸ்பிடி, கிச்சன் கப்போர்டு அடியில பாயின்ட். மாட்யூல் குடி போனதுக்கப்புறம் பாத்துக்கலாம்னு மச்சான்கிட்ட சொல்லிடறேன், கோவிச்சுக்குவான்.

ஒயர்மேன்_சூரமங்கலம்:
பூசறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவருக்கும் இன்ச் டேப்ப பக்கத்துல பிடிச்சு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. பின்னாடி ஏசிக்கு டிரில் போடறவன்கிட்ட அத காட்டுங்க.