யெல்லோஸ்டோனில் ஆர்வி: மேடிசனா, ஃபிஷிங் பிரிட்ஜா?

ஜூன் கடைசியில் 5 நாள் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம், 30 அடி ஆர்வி (படுக்கை, சமையலறையோடு தங்கிப் பயணிக்கும் வண்டி) வாடகைக்கு எடுத்து, நாங்கள் இருவர், 2 பிள்ளைகள், அப்புறம் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. பூங்காவுக்குள் தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் என மூன்று இணைப்பும் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் மட்டும்தான். ஆனால் ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற பீறிடும் வெந்நீர் ஊற்றுக்குப் போக மேடிசன் முகாம்தான் கிட்டே, 16 மைல். அங்கே இணைப்பு எதுவும் இல்லை, ஜெனரேட்டரும் இரவு 8 மணிக்கு மேல் ஓட்டக் கூடாது. அம்மாவுக்குக் குளிர் சுத்தமாக ஆகாது, அந்த உயரத்தில் ஜூனிலும் இரவில் உறைநிலை வரை இறங்கும், அதுதான் என் பெரிய கவலை. ஹீட்டர் புரொபேன் வாயுவில் எரிந்தாலும் அதன் விசிறிக்கு பேட்டரி வேண்டுமே, விடியும் வரை தாங்குமா? மேடிசனில் தங்கியவர்கள் யாராவது சொல்லுங்கள். இன்னொன்று, கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வெந்நீர்க் குளத்தின் பக்கம் இவ்வளவு நீள வண்டியை நிறுத்த எத்தனை மணிக்குள் போக வேண்டும்?