முப்பரிமாண அச்சுக்கான உங்கள் பெட்டிக் கோப்பை இன்னொருவர் மாற்றி அச்சிட்டபோது என்ன நடந்தது?

தகரப்பெட்டி:
கிரிட்ஃபினிட்டி, அதாவது 42 மி.மீ. கட்டங்கள் கொண்ட அடித்தட்டில் பெட்டிகளைப் பொருத்தி வைக்கும் முறை, இங்குள்ளவர்களுக்குத் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கைப்பேசி பழுதுபார்க்கும் என் மைத்துனருக்காக, கட்டங்களின் எண்ணிக்கையைக் கொடுத்தால் பெட்டியை உருவாக்கித் தரும் கோப்பு ஒன்றை ஓப்பன்ஸ்கேட் என்ற வடிவமைப்பு மென்பொருளில் எழுதி அனுப்பியிருந்தேன். மூன்று கட்ட நீளமுள்ள பெட்டியின் வெளியளவு 125.5 மி.மீ.; இருபுறமும் 1.2 மி.மீ. சுவர் போக உள்ளே 123.1 மி.மீ. மிஞ்சும். அவருடைய சாமணத்தின் நீளமோ 125 மி.மீ. கோப்பிலுள்ள எண்களைத் தொடாமல், வடிவத்தை அச்சுக்கான அடுக்குகளாகப் பிரிக்கும் ஸ்லைசர் மென்பொருளிலேயே 105 விழுக்காடாகப் பெரிதாக்கி அவர் அச்சிட்டுவிட்டார். நான் கடைக்குப் போனபோது சாமணம் உள்ளே அழகாகப் படுத்திருந்தது. பெட்டிதான் அடித்தட்டில் இறங்க மறுத்தது. 41.5 மி.மீ. அகலம் 43.6 ஆன பிறகு 42 மி.மீ. கட்டத்தில் அது எப்படி இறங்கும்? உள்ளங்கையால் அதை அழுத்திக்கொண்டே, "அளவை மாற்றிக்கொள்ளலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அத்தான்?" என்று கேட்டார். வாடிக்கையாளர் ஒருவர் வேறு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

வடக்குவாசல்:
அந்தப் பெட்டியின் உட்புற மூலைவிட்டம் ஏறத்தாழ 129 மி.மீ. வருகிறது. சாமணத்தைச் சற்றுச் சாய்த்து வைத்திருந்தால் எதையுமே பெரிதாக்கியிருக்க வேண்டாம். இருந்தாலும் உங்கள் மைத்துனர் பக்கமே நான் நிற்பேன். 2022இல் ஸாக் ஃப்ரீட்மன் வெளியிட்ட அந்த 42 மி.மீ. கட்டத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பொருளையும் இழுப்பறையையும் அதற்கேற்ப வளைக்கப் பார்க்கிறோம். என் தாத்தாவின் தேக்கு மேசை இழுப்பறை முன்புறம் 331 மி.மீ., பின்புறம் 327 மி.மீ. ஏழு கட்டங்கள் வைத்தால் 294 மி.மீ. போக முப்பதுக்கும் மேற்பட்ட மி.மீ. வீணாகிறது. ஆகவே முன் அகலம், பின் அகலம் என்று இரண்டு எண்களைக் கேட்டுச் சரிவகமாகவும் பெட்டி செய்யும் கோப்பை நானே எழுதினேன். சன்னலைச் சரிசெய்ய வந்திருந்த தச்சர் அந்த இழுப்பறையை ஒருமுறை இழுத்துப் பார்த்தார், பெட்டிக்கும் பலகைக்கும் நடுவே நகத்தை நுழைக்க முயன்றார், நுழையவில்லை. "ஐப்பசி மழையில் பலகை ஊதும் தம்பி, அப்போது இதை எப்படி வெளியே எடுப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சன்னலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து என் கோப்பில் இடைவெளி என்பது தனி எண்.

இழைச்சுருள்:
என் அனுபவம் சிறியது. சித்திரை வெயிலில் நிறுத்தியிருந்த காருக்குள், நண்பர் ஒருவர் பி.எல்.ஏ. என்ற நெகிழி இழையில் அச்சிட்ட சில்லறைப் பெட்டியின் மூடி வெற்றிலைபோல் சுருண்டு கிடந்ததைப் பார்த்தேன். பி.எல்.ஏ. ஏறக்குறைய 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். காரில் வைப்பவற்றை அதைவிட வெப்பம் தாங்கும் பி.இ.டி.ஜி. இழையில் அச்சிடுங்கள்.

இனிப் பொதுவாகச் சில ஆலோசனைகள். பயனரிடம் எப்போதும் உள்ளளவையே கேளுங்கள். வெளியளவைக் கோப்பு கணக்கிட்டுக்கொள்ளட்டும். இளகிய நெகிழி வெளிவரும் நாசிலின் துளை 0.4 மி.மீ. என்றால், சுவர்த் தடிமன் 0.8, 1.2 என்று மடங்குகளாக இருந்தால் சுவருக்கு நடுவே வெற்றிடம் விழாது. மூடிக்கான தளர்வைப் பக்கத்துக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. என்று நிலையான எண்ணாக வையுங்கள். பெட்டி பெரிதாகிறது என்பதற்காக அதுவும் பெரிதாகக் கூடாது. முதல் அடுக்கு நசுங்கி வெளியே பிதுங்கும் என்பதால் அடிவிளிம்பைச் சற்றுச் சரித்துவிடுங்கள். ஓப்பன்ஸ்கேடில் எண்ணுக்குப் பக்கத்தில் குறிப்பாகவே எல்லையை எழுதிவிட்டால் பயனருக்கு அது நகர்த்தும் பட்டையாகத் தெரியும். 2019ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இந்த வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. சுவரை 0.3 மி.மீ. ஆக்கிவிட்டுப் பெட்டி கிழிகிறது என்று வந்து நிற்பவர்களை அந்த எல்லை தடுக்கும். முழுப் பெட்டியை அச்சிடும் முன் வாயையும் மூடியையும் மட்டும் ஐந்து மி.மீ. உயரத்துக்கு வெட்டி அச்சிட்டுப் பொருத்திப் பார்ப்பது எல்லாவற்றிலும் மேல்.

நீலாம்பல்:
இழைச்சுருள் அவர்களே, யாரும் கேட்காவிட்டாலும் பயனுள்ள ஆலோசனைகள்தாம். ஆனால் உள்ளளவைக் கேட்க வேண்டும் என்பது வடக்குவாசலின் இழுப்பறைக்குப் பொருந்துமே தவிர, கட்டமுறைக்குப் பொருந்தாது. அங்கே வெளியளவை அடித்தட்டு முன்பே தீர்மானித்துவிடுகிறது; உள்ளே மிஞ்சுவதுதான் நமக்கு. தையல் வேலை செய்யும் என் சித்தி, பாபின்களுக்கான பெட்டியில் தடுப்புகளின் எண்ணிக்கையை நான்கிலிருந்து ஐந்தாகத் தாமே மாற்றிக்கொண்டார். பெட்டி தட்டில் சரியாகவே அமர்ந்தது, அறைகள்தாம் குறுகிவிட்டன. பாபின் ஒவ்வொன்றையும் குண்டூசியால் நெம்பி எடுத்தபடி, "இடம் கூடியிருக்கிறதே, நல்லதுதான்" என்று அவர் சொன்னபோது மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

தகரப்பெட்டி:
வடக்குவாசல், சாமணத்தைச் சாய்த்து வைத்தால் அதன் பக்கத்தில் திருப்புளிகள் கிடக்க இடமிருக்காது. சாமணமும் திருப்புளிகளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அவருடைய தேவை. நீலாம்பல் சொல்வதைப் பார்த்தால், வைக்க வேண்டிய பொருளின் நீளத்தைக் கோப்பு கேட்டு, 125 மி.மீ. என்றதும் நான்கு கட்டம் தேவை என்று அதுவே சொல்ல வேண்டும். அப்படி எழுதத் தொடங்கியிருக்கிறேன். நான்கு கட்டப் பெட்டி அவருடைய மேசையில் எங்கே அமரும் என்பதை இன்னும் அவரிடம் கேட்கவில்லை.