“துப்புரவு வகை” வேண்டாம், “ஒட்டிறக்க வகை” என்போம்

வணக்கம் அண்ணா,

கடல்நீரில் கரைந்திருக்கும் உலோகங்களை அவை ஆழத்தோடு மாறும் விதத்தை வைத்துப் பிரிக்க நீங்கள் வைத்த சொற்களைப் பார்த்தேன். “போசணை வகை” சரியான சொல். மிதவை உயிர்கள் மேல்நீரில் நாகத்தையும் (துத்தநாகம்) கட்மியத்தையும் எடுத்துக்கொள்கின்றன. செத்துக் கீழே போய் அழுகும்போது அந்த உலோகங்கள் திரும்பக் கரைகின்றன. வட பசிபிக்கில் மேலே லீற்றருக்கு 0.1 நனோமோல் அளவில் இருக்கும் நாகம் ஆழத்தில் 9ஐ நெருங்குவது இதனால்தான். மொலிப்டினம் எங்கே அள்ளினாலும் ஏறத்தாழ 105. அதற்கு “மாறா வகை” போதும்.

விழும் துணிக்கைகளில் ஒட்டி நீரைவிட்டுப் போகும் உலோகங்களுக்கு (ஆங்கிலத்தில் scavenged) நீங்கள் வைத்த “துப்புரவு வகை”யைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதை வைத்து ஒரு வசனம் எழுதிப் பாருங்கள்: “துப்புரவு செய்யப்பட்ட அலுமினியம்.” கழுவிக் கவிழ்த்த சட்டிதான் கண்ணில் வருகிறது. நாம் சொல்ல வந்ததோ, நீரிலிருந்து அகற்றப்பட்ட அலுமினியம். பொருளே தலைகீழாகிவிடுகிறது.

போன ஐப்பசி மழையில் எங்கள் பீலித் தண்ணீர் செங்கல் நிறத்தில் வந்தது. அம்மா படிகாரக் கட்டியை வாளிக்குள் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வைத்தார். சற்று நேரத்தில் பஞ்சுப் பஞ்சாக ஏதோ திரண்டு, சேற்றைச் சேர்த்துக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே போனது. மேலே தெளிவு, அடியில் வழுவழுப்பான மண். வாளியில் இறங்கியது சேறு. கடலில் கரைந்திருக்கும் உலோகமே விழும் துணிக்கைகளில் ஒட்டிக்கொண்டு இறங்குகிறது. அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டால் உயர்தரப் பிள்ளைகளுக்கு மிச்சம் தானாகப் புரியும்.

ஆகவே என் பரிந்துரை “ஒட்டிறக்கம்”. வினையாகவும் வரும்: “அலுமினியம் ஒட்டிறங்குகிறது.” ஏற்றமும் இறக்கமும் எங்கள் மலைப்பக்கத்தில் நாள்முழுக்கப் புழங்கும் சொற்கள், விளக்கவே தேவையில்லை. “புறத்துறிஞ்சல்” ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். அது ஒட்டுவதோடு நின்றுவிடுகிறது, இறங்குவதைச் சொல்லாது. இறங்குவதில்தான் விஷயமே இருக்கிறது. சமுத்திரம் ஒருமுறை கலக்க ஏறத்தாழ 1000 ஆண்டுகள் ஆகும். அலுமினியமோ 100, 200 ஆண்டுகளில் அடிமண்ணுக்குப் போய்விடுகிறது. அதனால் சகாராத் தூசி விழும் அத்திலாந்திக்கில் அது கூடுதல், மேற்பரப்பை விட்டு நெடுங்காலமான பழைய ஆழ்நீர் உள்ள பசிபிக்கில் குறைவு. நாகம் இதற்கு நேர்மாறு.

அப்புறம் இரும்பு. உயிர்களும் எடுக்கின்றன, ஒட்டிறங்கவும் செய்கிறது. சேதனப் பொருட்கள் பிடித்து வைத்திருப்பதால்தான் கொஞ்சமாவது நீரில் தங்குகிறது. அதை எந்த வகையிலும் திணிக்காமல் “கலப்பு வகை” என்று தனியாக வைப்போமா, அண்ணா?