ட்ராய் மெக்லூருக்கு இன்னொரு குரல் கொடுத்தா என்ன குறைஞ்சிடும்?

செவ்வாழை:
அமெரிக்க கார்ட்டூன் தொடர் 'தி சிம்ப்சன்ஸ்' பழைய சீசன்களை மறுபடி பார்த்துட்டு வர்றேன். மார்க்கெட் போன நடிகர் ட்ராய் மெக்லூர் ஞாபகம் இருக்கா? "ஹாய், நான் ட்ராய் மெக்லூர், என்னை நீங்க இந்த இந்தப் படத்துல பார்த்திருப்பீங்க"ன்னு ஆரம்பிச்சு, யாருமே பார்த்திருக்காத ரெண்டு படத்தோட பேரைச் சொல்வாரே, அவர்தான். 1991ல வந்தாரு. குரல் கொடுத்த ஃபில் ஹார்ட்மன் 1998 மே மாசம் மனைவி கையால சுட்டுக் கொல்லப்பட்டதும் பாத்திரத்துக்கும் மங்களம் பாடிட்டாங்க. எனக்கு இது ஒப்பல. அதே தொடர்ல மார்ட்டின்ங்கிற பையனுக்குக் குரல் கொடுத்த ரஸ்ஸி டெய்லர் 2019ல இறந்தப்புறம் க்ரே கிரிஃபின் பேசுறாங்க. டாக்டர் ஹிப்பர்ட் பாத்திரத்துக்கும் 2021ல குரல் ஆளை மாத்தினாங்க. ட்ராய்க்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? சிரிப்பு அந்தப் படப் பேர்லதானே இருக்கு, அதை எழுதினவங்க வேற ஆளுங்கதானே.

நடுராத்திரி சேனல்:
சிரிப்பு பேர்லயா? சிம்ப்சன் வீட்டுப் பொண்ணு லிசா சைவமா மாறுற எபிசோடை எடுங்க, 1995. ஸ்கூல்ல இறைச்சி வியாபாரிங்க எடுத்த ஒரு பிரச்சாரப் படம் போடுவாங்க. ட்ராய் ஒரு சின்னப் பையனைக் கூட்டிட்டுப் போய் மாடு வெட்டுற இடத்தைச் சுத்திக் காட்டுவாரு. அதுக்குப் பேரு 'கில்லிங் ஃப்ளோர்', கொலைத் தரை. "பேரைப் பார்த்துப் பயந்துடாதே, அது தரையே இல்லை, வழியுறதெல்லாம் கீழே இறங்க வசதியா போட்ட இரும்புக் கம்பி வலை"ன்னு விளக்கம் வேற. உள்ளே போன பையன் வெளிறிப்போய்த் தள்ளாடிட்டு வெளியே வருவான். ட்ராய் குரல்ல ஒரு இம்மி மாத்தம் இருக்காது! கல்யாண மண்டபத்துல வாங்க வாங்கன்னு கூப்பிடுற மாதிரியே பேசுவாரு. தான் தோத்துப்போன ஆளுன்னு அந்தக் குரலுக்கே தெரியாது. காகிதத்துல அதை எழுத முடியாது, தல.

செவ்வாழை:
சரி, அப்போ ஃப்யூச்சுராமா கார்ட்டூன்? அதுல ஸாப் பிரானிகன் ஹார்ட்மனுக்குன்னு வச்சிருந்த வேஷம். அவர் போனதும் பில்லி வெஸ்ட் அதே பாணியில பேசி, 1999லேருந்து கொடிகட்டிப் பறக்குறார். முடியும்னு நிரூபிச்சாச்சு.

நடுராத்திரி சேனல்:
ஸாப் வேஷத்துல ஹார்ட்மன் பேசி யாரு கேட்டாங்க? ஒப்பிட ஒண்ணுமே இல்லாத இடத்துல ஜெயிச்சார். ட்ராய் ஏழு வருஷம் நம்ம காதுல உட்கார்ந்தவர். இன்னொருத்தர் வந்தா அது மிமிக்ரி.

கயல்விழி78:
ரெண்டு பேரும் குரலைப் பிடிச்சுத் தொங்குறீங்க. ட்ராய் கதையே 1996ல முடிஞ்சுடுச்சு, 'எ ஃபிஷ் கால்டு செல்மா' எபிசோட்ல. டிரைவிங் லைசென்ஸுக்குக் கண் பரிசோதனையில தேறணும், அதுக்காக லைசென்ஸ் ஆபீஸ்ல வேலை பார்க்குற செல்மாவை டின்னருக்குக் கூட்டிட்டுப் போறார். போட்டோக்காரங்க பார்த்துடுறாங்க. மீன்கள் மேல அவருக்கு ஒரு மாதிரி ஆசைன்னு இருந்த அசிங்கமான வதந்தி அடங்குது. ஏஜென்ட் உடனே போன் பண்றான். அதுக்கப்புறம் கல்யாணமே சினிமா சான்ஸுக்காகத்தான். போதையில லிசாவோட அப்பா ஹோமர்கிட்ட உண்மையை உளறிடுறார், ஹோமர் தாலி கட்டுற வரைக்கும் (அவங்க ஊர் தாலி!) வாயே திறக்க மாட்டான். பெரிய வேஷம் வேணும்னா குழந்தை வேணும்கிறான் ஏஜென்ட். ட்ராய் அதுக்கும் தயார். செல்மாதான் பாசமில்லாத வீட்டுக்கு ஒரு குழந்தையைக் கொண்டுவர மாட்டேன்னு கிளம்பிடுறா.

அந்த இடத்துல எனக்குச் சிரிப்பு வரல. அந்தாளு கடைசிவரைக்கும் கெட்டவனா நடந்துக்கல, குரலும் உயரல. அவனுக்குள்ள யாருமே இல்லை, அவ்வளவுதான்.

செவ்வாழை:
அக்கா, இதெல்லாம் ரொம்ப ஓவர். அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் வந்தாரே!

கயல்விழி78:
வந்தார், ஒண்ணுமே நடக்காத மாதிரி. அதைத்தான் சொல்றேன்.

நடுராத்திரி சேனல்:
எனக்கு உடன்பாடு இல்லை. அந்த எபிசோட் அவரை மனுஷனாக்கப் பார்த்தது. அதைவிட அரை நிமிஷம் வந்து போற ட்ராய்தான் எனக்கு ஒசத்தி. ஆனா "உள்ள யாருமில்லை"ன்னீங்களே, அதைச் சொன்னதும் அந்தக் குரல்தான்.

செவ்வாழை:
நேத்து ராத்திரி ட்ராய் வந்த கடைசி எபிசோடையும் போட்டேன், லிசாவோட அண்ணன் பார்ட் பறவை முட்டையைக் காப்பாத்துறது. ட்ராய் பறவைகளைப் பத்தின பாடப் படத்துல வர்றார். தன் பழைய படம்னு சொல்றது 'மனிதன் எதிர் இயற்கை: வெற்றிக்கான பாதை'. விழுந்து விழுந்து சிரிச்சேன். முடிவுல ஹார்ட்மன் நினைவாகன்னு போட்டாங்க. வேற யாரு குரல்லயாவது அந்த வரியை மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தேன். வரல. இருந்தாலும் ஒரு தடவை முயற்சி பண்ணியிருக்கலாம்ங்கிறதுல நான் மாறல.