புதுப்பிப்பு: சியோலைட்டில் செப்பு ஒன்றுசேரவில்லை

செப்பு ஏற்றிய சியோலைட்டு (சிலிக்கன், அலுமினியம், ஒட்சிசன் அணுக்களாலான நுண்துளைச் சட்டகம்) ஊக்கியின் எக்ஸ் கதிர் உறிஞ்சல் நிறமாலையில், செப்பணுவை நெருங்கிச் சூழும் முதலாவது ஒட்சிசன் கூட்டுக்கு அப்பால் தெரிந்த சிறு உச்சத்தை, செப்பணுக்கள் ஒன்றுசேர்ந்ததற்கான அடையாளம் என்று சென்ற மாதம் இவ்விழையில் எழுதியிருந்தேன். அது தவறு.

இங்கு இருவர் வற்புறுத்தியபடி வேவ்லெட் உருமாற்றம் (ஓர் உச்சம் எத்தூரத்திலும், வெளியேறும் இலத்திரனின் எந்த அலையெண்ணிலும் எழுகிறது என ஒருங்கே காட்டும் கணிப்பு) செய்து பார்த்தேன். செப்பைப் போன்ற பாரமான அண்டையணு உயர்ந்த அலையெண்களில் வலுவாகத் தெரிய வேண்டும். எனது உச்சமோ தாழ்ந்த அலையெண்ணிலேயே நின்றது. ஆகவே அது சட்டகத்தின் சிலிக்கனோ அலுமினியமோதான். ஆவர்த்தன அட்டவணையில் அடுத்தடுத்து நிற்கும் அவ்விரண்டையும் இம்முறையால் பிரித்தறிவது மிகக் கடினம்.

8983 இலத்திரன்வோல்ற்றுக்கு அருகில் எழுந்த தோள் (உறிஞ்சல் விளிம்பில் தெரியும் சிறு மேடு), +1 ஒட்சியேற்ற நிலையிலுள்ள செப்பினுடையது என்பதில் மாற்றமில்லை. ஆனால் ஐந்து வருடல்களையும் (அடுத்தடுத்து எடுத்த அளவீடுகளையும்) சராசரியாக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தபோது, முதலாவதில் அநேகமாக இல்லாத அத்தோள் ஐந்தாவதில் தெளிவாக உயர்ந்திருந்தது. வெப்பநிலையும் வாயுவும் மாறாதிருக்க, அளக்கும் எக்ஸ் கதிரே செப்பை +1 நிலைக்குத் தாழ்த்தியது என்றே கொள்கிறேன். இவ்வளவீட்டுக்கான வலுவான எக்ஸ் கதிரைத் தரும் சிங்க்ரோட்ரோன் முடுக்கி இலங்கையில் இல்லை. வெளிநாட்டில் கிடைக்கும் சில மணிநேரத்தில் வருடல்களைத் தனித்தனியே பார்க்கத் தவறுவது பெரிய இழப்பு.

கொழும்பின் ஈரக்காற்றில் திறந்து வைத்த தூள் விரைவிலேயே வெளிர்நீலமாகிறது: நீர் மூலக்கூறுகள் செப்பைச் சூழ்ந்து சட்டகத்திலிருந்து விலக்கிவிடுகின்றன. அடுத்த தொகுதியை அளவிடும் கலத்திலேயே ஈலியத்தில் சூடாக்கி, நீர் அகன்ற பின்னரே அளப்போம்.